சாஃப்ட்வேர் வாங்கியாச்சு... பணம் ஏன் இன்னும் லேட்டா வருது? திருமழிசை சிட்கோ யூனிட்களுக்கான விளக்கம்

திருமழிசை என்றதும் சிலருக்கு ஆழ்வார் ஞாபகம் வரும். சிலருக்கு 2020 கொரோனா காலத்தில் கோயம்பேடு காய்கறிச் சந்தை இங்கே இடம் மாறி வந்தது ஞாபகம் வரும். ஆனால் பூந்தமல்லி தாண்டி வேலைக்குப் போகிறவர்களுக்கு இது சிட்கோ தொழிற்பேட்டை இருக்கும் ஊர். இந்த மாதிரி பேட்டைகளில் இருக்கும் சின்ன யூனிட்டுக்குள் போனால், இன்று கம்ப்யூட்டர் இல்லாத ஆபீஸ் ரூம் இருக்காது. ஆனால் அந்தக் கம்ப்யூட்டர் தொழிலுக்கு என்ன செய்து கொடுக்கிறது?

மேனேஜ்மென்ட் படிப்பில் இதை 'ஐ.டி.யையும் தொழில் உத்தியையும் ஒரே பாதையில் கொண்டுவருவது' என்பார்கள். ஜான் ஹெண்டர்சன், வெங்கட்ராமன் என்ற இரண்டு பேராசிரியர்கள் 1993-ல் எழுதிய கட்டுரையில்தான் இது ஒரு தெளிவான மாதிரியாக வந்தது. அவர்கள் சொன்னது சுருக்கமாக இதுதான்: தொழில் எந்தப் பக்கம் போகிறது, அதற்கு என்ன டெக்னாலஜி வேண்டும், ஆட்கள் வேலை செய்யும் முறை என்ன, கையில் இருக்கும் கம்ப்யூட்டர் அமைப்பு என்ன - இந்த நான்கும் ஒன்றோடு ஒன்று ஒத்துப்போக வேண்டும்.

பெரிய கம்பெனிக்கே இது சறுக்கும். அமெரிக்காவின் ஹெர்ஷி சாக்லேட் கம்பெனி 1999-ல் சுமார் 11 கோடி டாலர் செலவில் புது சிஸ்டம் போட்டது. அதை ஆரம்பித்தது ஹாலோவீன் பண்டிகை ஆர்டர்கள் குவியும் நேரத்தில். நம்ம ஊர் கணக்கில், தீபாவளிக்கு முன்னாடி ஸ்வீட் கடையில் பில்லிங் மெஷினை மாற்றுகிற மாதிரி. குடோனில் சாக்லேட் இருந்தது, கடைக்குப் போய்ச் சேரவில்லை. 10 கோடி டாலருக்கு மேல் ஆர்டர் நிறைவேறாமல் போனது.

திருமழிசையில் யார் முடிவு எடுக்கிறார்கள்?

ஹெர்ஷியில் நிர்வாகமே முடிவெடுத்தது. சின்ன யூனிட்டில் கதை வேற. எந்த சாஃப்ட்வேர் வேண்டும் என்று ஓனர் யோசிப்பதற்கு முன்னாடியே மற்றவர்கள் முடிவு செய்துவிடுகிறார்கள்.

முதலில் அரசாங்கம். ஜி.எஸ்.டி. இ-இன்வாய்ஸ் 2020 அக்டோபரில் 500 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்கு மட்டும் வந்தது. படிப்படியாக இறங்கி, 2023 ஆகஸ்ட் 1 முதல் 5 கோடியைத் தாண்டிய எல்லாருக்கும் கட்டாயமானது. அடுத்து கஸ்டமர். பெரிய கம்பெனிக்கு பார்ட்ஸ் கொடுப்பவர்கள் அவர்களுடைய வெண்டார் போர்ட்டலில்தான் ஆர்டர் பார்க்க வேண்டும், டெஸ்பாட்ச் விவரம் ஏற்ற வேண்டும். மூன்றாவது ஆடிட்டர், அவர் கேட்பது டேலி.

விளைவு? ஒரே சரக்கின் விவரத்தை மூன்று இடத்தில் தனித்தனியாக அடிக்கிறார்கள். ஓனருக்கு வேண்டிய தகவல் மட்டும் இந்த மூன்றிலும் இல்லை. அது சூப்பர்வைசரின் நோட்டிலோ, வாட்ஸ்அப்பிலோ கிடக்கிறது.

இத்தனைக்கும் டேலி பிறந்த கதையே நேர் எதிர். மில்களுக்குச் சரக்கு சப்ளை செய்துவந்த ஷியாம் சுந்தர் கோயங்கா, தன் கணக்கைப் பார்க்க சரியான சாஃப்ட்வேர் கிடைக்காமல் மகன் பரத் கோயங்காவை எழுதச் சொன்னார். 1980-களில் நடந்தது. முதலில் தொழிலின் தேவை, பிறகுதான் சாஃப்ட்வேர்.

ஒரு தேதிக்கு என்ன விலை?

ஒரு சி.என்.சி. யூனிட் என்று வைத்துக்கொள்வோம். ஆர்டர் இருக்கு, மெஷின் ஓடுது, ஆனால் பணம் 90 நாள் கழித்து வருது. அதற்குள் சம்பளம், கரன்ட் பில், ஸ்டீல் வாங்கிய கடன். இங்கே தொழிலின் உத்தியே 'பணத்தைச் சீக்கிரம் கொண்டுவருவது'தான். இதை ஐ.டி.யோடு சேர்த்துப் பாருங்கள்.

குறு, சிறு நிறுவனத்துக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்கிறது 2006-ம் ஆண்டின் எம்.எஸ்.எம்.இ. சட்டம். எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இல்லை என்றால் 15 நாள்தான். தாமதமானால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. கூடவே, 2023-24 நிதியாண்டிலிருந்து, இந்தக் கெடுவுக்குள் பணம் தராத கம்பெனி அந்தச் செலவை வருமான வரிக் கணக்கில் உடனே காட்ட முடியாது. பணம் கொடுத்த வருஷம்தான் காட்ட முடியும்.

நாள் எப்போது ஆரம்பிக்கிறது? சரக்கை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து. டெலிவரி ஆகி 15 நாளுக்குள் எழுத்துப்பூர்வமாக ஆட்சேபம் வரவில்லை என்றால், டெலிவரி ஆன நாளே ஏற்றுக்கொண்ட நாள். அதனால் கையெழுத்தான டெலிவரி சலானின் தேதியும், ரிஜக்ஷன் மெயில் வந்த தேதியும் பில்லோடு சேர்ந்து இருந்தாக வேண்டும். பில் தேதி மட்டும் இருந்தால் போதாது. டேலியில் பில் இருக்கும், சலான் டிரைவர் கையில் இருக்கும், மெயில் குவாலிட்டி ஆளின் போனில் இருக்கும். கேட்க வேண்டிய நேரத்தில் எதுவும் கையில் இருக்காது.

ட்ரெட்ஸ் தளமும் இதே கதைதான். கஸ்டமர் ஒப்புக்கொண்ட பில்லை அங்கே ஏற்றினால் வங்கிகள் போட்டி போட்டு முன்பணம் தரும். கஸ்டமர் பிறகு கட்டத் தவறினாலும் உங்களிடம் திரும்பக் கேட்க மாட்டார்கள். 250 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ள கம்பெனிகள் 2025 மார்ச் 31-க்குள் இதில் பதிவு செய்ய வேண்டும் என்று மத்திய அரசு 2024 நவம்பரில் அறிவித்தது. பதிவுதான் கட்டாயம், எல்லா பில்லையும் ஒப்புக்கொள்ள வேண்டும் என்பது கட்டாயமில்லை. அளவும் விலையும் ஆர்டரோடு பொருந்தாத பில் அங்கேயும் நின்றுவிடும்.

அப்போ என்ன வாங்கணும்?

பல இடங்களில் புதிதாக எதுவும் வாங்க வேண்டியதில்லை. ஒரு எக்செல் ஷீட் போதும்: ஆர்டர் நம்பர், சலான் தேதி, ஆட்சேபம் வந்ததா, 45-வது நாள் எது. சனிக்கிழமை சம்பளம் போடுவதற்கு முன் ஓனர் அதைப் பார்க்கிறாரா என்பதுதான் கேள்வி.

இ.ஆர்.பி. விற்க வருகிறவரிடமும் முதலில் டெமோ கேட்காதீர்கள். போன மாதம் லேட்டான உங்கள் ஐந்து பில்லை எடுத்து மேஜையில் போடுங்கள். இது எதனால் லேட்டாச்சு என்பதை உங்க சாஃப்ட்வேர் எந்த ஸ்க்ரீன்ல காட்டும் என்று கேளுங்கள். உதயம் சான்றிதழில் இருக்கும் பெயரும் பில்லில் இருக்கும் பெயரும் ஒன்றுதானா என்பதையும் அன்றைக்கே பார்த்துவிடுங்கள்.