புக்கிட் மலாவத்தி டிராம்: ஏறி இறங்கிப் பார்க்க ஒரு மலை, கேட்டுத் தெரிந்துகொள்ள ஒரு வரலாறு

கோல சிலாங்கூர் பட்டணத்துக்கு மருத்துவமனை, வங்கி, மாவட்ட அலுவலகம், தீபாவளிச் சாமான் என்று ஆண்டு முழுவதும் வந்து போகும் தோட்டக் குடும்பங்கள் பல. பட்டணத்தின் தலைக்கு மேலேயே நிற்கும் புக்கிட் மலாவத்தி மலைக்கு மட்டும் ஒரு முறைகூடப் போகாமல் இருந்துவிட்ட பெரியவர்கள் அவற்றில் உண்டு. இளவயதில் நேரமில்லை, இப்போது முட்டி இடம் கொடுக்கவில்லை. அவர்களுக்காகவே ஓடுவது போல ஒரு வண்டி அந்த மலையடிவாரத்தில் நிற்கிறது.

கோலாலம்பூர் வீதிகளில் வலம் வரும் இரண்டடுக்குச் சுற்றுலாப் பேருந்தைப் பலர் பார்த்திருப்பார்கள். ஒரே டிக்கெட்தான். பிடித்த இடத்தில் இறங்கிப் பார்த்துவிட்டு, அடுத்து வரும் பேருந்தில் ஏறிக்கொள்ளலாம். லண்டன் முதல் சிங்கப்பூர் வரை இதே முறைதான். மலாவத்தி டிராம் அதன் சின்னத் தம்பி. டிராம் என்ற பெயரைக் கேட்டுத் தண்டவாளத்தைத் தேட வேண்டாம். டயர் போட்ட இழுவை வண்டியும் அதன் பின்னால் திறந்த பெட்டிகளும்தான். மலையைச் சுற்றிப் போகும் தார்ச்சாலையில் மெதுவாக ஏறி, உச்சியில் இறக்கிவிடும். ஆற அமரப் பார்த்துவிட்டு வேறொரு டிராமில் ஏறித் திரும்பலாம்.

பலர் தவறவிடுவது இந்த இடத்தில்தான். ஏறியதற்கு ஒரு படம், உச்சியில் குரங்கோடு ஒரு படம், அதே வண்டியில் கீழே என்று அரை மணி நேரத்தில் முடித்துவிடுகிறார்கள். வந்த டிராமை விட்டுவிட்டுக் குறைந்தது ஒன்றரை மணி நேரமாவது மேலே இருந்தால்தான் கொடுத்த காசுக்குப் பயன். டிக்கெட்டைத் தூக்கிப் போடாமல் திரும்பும் வரை வைத்திருக்க வேண்டும். கடைசி டிராம் எத்தனை மணிக்கு என்பதை டிக்கெட் வாங்கும்போதே முகப்பில் கேட்டுக்கொள்வது நல்லது. கட்டணம் சில வெள்ளிதான். பிள்ளைகளை அழைத்துப் போகிறவர்கள் அவர்களுக்கான விலையையும் பலகையில் பார்த்துக்கொள்ளலாம்.

வார இறுதியிலும் பொது விடுமுறையிலும் சொந்தக் கார்களை மலைமேல் விடுவதில்லை. காரைக் கீழே நிறுத்திவிட்டு டிராமில்தான் போக வேண்டும். சாதாரண நாள்களில் காரிலேயே மேலே போய்வரலாம். நடக்க மிகவும் சிரமப்படும் மூத்தவர்களை அழைத்துச் செல்வோருக்குக் கூட்டம் இல்லாத அந்த நாள்களே வசதி. டிராமில் போவதானால் அவர்களை முதலில் ஏற்றி, ஓர் ஆளைப் பக்கத்தில் உட்கார வைக்க வேண்டும். பெட்டிகள் திறந்தவை, சாலையோ வளைவுகள் நிறைந்தது. மடிக்கும் சக்கர நாற்காலி இருந்தால் ஓட்டுநரிடம் முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

எந்தப் பக்கமிருந்து வந்தாலும் வழி எளிது. சபாக் பெர்ணாம், செகிஞ்சான், தஞ்சோங் காராங் மக்களுக்குக் கடலோரக் கூட்டரசுச் சாலை 5 இருக்கிறது. காப்பார், ஜெராம் பக்கமிருந்து வருவோருக்கும் அதே சாலைதான். ரவாங், செலாயாங் வாசிகள் லத்தார் நெடுஞ்சாலையில் ஈஜோக் வரை வந்து, புக்கிட் ரோத்தான் வழியாகப் பட்டணத்தை அடையலாம். பத்தாங் பெர்ஜுந்தைக்காரர்களுக்கு வழி சொல்லத் தேவையில்லை. (பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறி ஆண்டுகள் பல ஆனாலும் பெரியவர்கள் வாயில் இன்றும் பத்தாங் பெர்ஜுந்தைதான்.)

மேலே என்ன இருக்கிறது?

கண்ணில் முதலில் படுவது வெள்ளை நிறக் கலங்கரை விளக்கம். 1907-இல் கட்டப்பட்டது. அல்திங்ஸ்பர்க் என்ற அதன் பெயர் டச்சுக்காரர்கள் விட்டுச் சென்றது. உள்ளே ஏறிப் பார்க்க முடியாது, வெளியில் நின்று பார்ப்பதற்குத்தான். பக்கத்தில் கடலை நோக்கிப் பழைய பீரங்கிகள். அங்கிருந்து பார்த்தால் சிலாங்கூர் ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரமும், சதுப்புக் காடும், அதற்கப்பால் மலாக்கா நீரிணையும் விரிந்து கிடக்கும். இவ்வளவு சிறிய மலைக்காக ஏன் இத்தனை சண்டை என்பது அந்த இடத்தில் நின்றால் விளங்கும். உள்நாட்டில் வெட்டிய ஈயம் இந்த ஆற்று வழியாகத்தான் கடலுக்கு வர வேண்டும். முகத்துவாரத்தைக் கையில் வைத்திருப்பவனுக்கே வரியும் வணிகமும்.

சிலாங்கூர் சுல்தான்களின் முதல் தலைநகரம் கோல சிலாங்கூர். பூகிஸ் வம்சத்து ராஜா லூமு 1766-இல் சுல்தான் சலேஹுத்தீன் ஆனார். அவருடைய மகன் சுல்தான் இப்ராஹிம் காலத்தில்தான் மலாவத்தி பெரிய போரைக் கண்டது. மலாக்காவில் டச்சுக்காரர்களைத் தாக்கிய ராஜா ஹாஜிக்கு அவர் துணை நின்றார். அதற்குப் பழிவாங்க 1784-இல் டச்சுக் கப்பற்படை வந்து கோட்டையைப் பிடித்தது. பத்தாவியாவில் இருந்த தங்கள் கவர்னர் ஜெனரல் அல்திங்கின் பெயரையே மலைக்கு வைத்தது. பகாங்குக்குப் பின்வாங்கிய சுல்தான் அங்கு ஆள் திரட்டி, காட்டு வழியாக வந்து, மறு ஆண்டே கோட்டையை மீட்டார். ஐரோப்பியரிடம் இழந்த கோட்டையை ஓராண்டுக்குள் திரும்பப் பிடித்த கதைகள் இந்த வட்டாரத்தில் அதிகமில்லை. பிள்ளைகளுக்குச் சொல்ல இதைவிட நல்ல கதை கிடைக்காது.

அதன்பின் 1871-இல், கடற்கொள்ளை விவகாரம் ஒன்றைக் காரணம் காட்டி, பிரிட்டிஷ் போர்க்கப்பல் ரினால்டோ இங்குள்ள கோட்டைகளைக் குண்டு வீசித் தகர்த்தது. கோட்டை என்று இன்று பார்ப்பவை எஞ்சிய மதில்களும் பீரங்கிகளும்தான்.

முதல் மூன்று சுல்தான்களின் அரச சமாதியும் மலையில்தான் உள்ளது. அங்கே அமைதி காக்க வேண்டும், உடையும் அடக்கமாக இருக்க வேண்டும். துரோகிகளைத் தண்டித்ததாகச் சொல்லப்படும் நச்சுக் கிணறு, தலை வெட்டும் பாறை என்று கதை கட்டப்பட்ட கல், மாவட்ட வரலாற்று அருங்காட்சியகம் ஆகியவையும் நடந்து பார்க்கும் தூரத்திலேயே. வெயில் ஏறினால் அருங்காட்சியகத்தை அந்த நேரத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

பலகையில் எழுதாதது

அருங்காட்சியகத்திலும் பலகைகளிலும் சுல்தான்கள், டச்சுக்காரர்கள், ஆங்கிலேயர்கள் வருகிறார்கள். மலையைச் சுற்றிப் பல மைல்களுக்குக் காட்டை அழித்து ரப்பர் நட்டவர்களின் கதையை அங்கே தேடினால் ஏமாற்றம்தான். ஆனால் அந்தக் கதைக்கும் இந்த விளக்கத்துக்கும் ஓர் ஆண்டு பொதுவாக இருக்கிறது. கலங்கரை விளக்கம் எழுந்த அதே 1907-இல்தான், ரப்பர் தோட்டங்களுக்குத் தமிழ்நாட்டிலிருந்து ஆள் கொண்டுவர முதலாளிகளிடம் பணம் வசூலிக்கும் தமிழ்க் குடியேற்ற நிதிக்கான சட்டம் மலாயாவில் வந்தது. கங்காணிகள் வழியாகத் திரட்டப்பட்டவர்களின் கப்பல் செலவு அந்த நிதியிலிருந்து போனது. பினாங்கில் நின்று போர்ட் சுவெட்டன்ஹாமுக்கு, அதாவது இன்றைய கிள்ளான் துறைமுகத்துக்கு, ஆள் ஏற்றிவந்த கப்பல்கள் மலைமேல் நின்று பார்க்கும் இந்த நீரிணை வழியாகத்தான் கடந்து போயின. கப்பலுக்கு வழிகாட்டக் கட்டிய விளக்கும், கப்பலில் வந்த மக்களும் ஒரே காலத்துப் பிறவிகள்.

1942 ஜனவரி முதல் வாரத்தில் ஜப்பானியப் படைகள் படகுகளில் கோல சிலாங்கூர் கரைக்கு வந்தன. பிரிட்டிஷ் இந்திய இராணுவம் இங்கும் பத்தாங் பெர்ஜுந்தையிலும் தடுத்து நின்று, சில நாள்களில் பின்வாங்கியது. அடுத்து நடந்தது தோட்டத்து வீடுகளுக்குத் தெரியும். மலாயாத் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழர்கள் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டு போகப்பட்டார்கள். திரும்பாதவர்களின் பெயர்கள் சில வீடுகளில் இன்னும் சொல்லப்படுகின்றன, சில வீடுகளில் சொல்ல ஆளில்லை.

ஆகவே இந்தப் பயணத்தில் முக்கியமான பயணி தாத்தா, பாட்டிதான். பலகையில் உள்ள மலாயையும் ஆங்கிலத்தையும் பேரப்பிள்ளை படித்துச் சொல்லட்டும். ரிவர்சைட், ராஜா மூசா, சுங்கை ரம்பை, புக்கிட் ஈஜோக், துவான் மீ, கோல்ஃபீல்ட்ஸ் என்று எந்தத் தோட்டத்தில் பிறந்தார்கள், எந்த லயத்தில் வாழ்ந்தார்கள், அவர்களின் அப்பா எந்த ஆண்டு கப்பலேறினார் என்பதைப் பெரியவர்கள் சொல்லட்டும். கைப்பேசியில் குரல் பதிவைப் போட்டுவிட்டு ஒரு மர நிழலில் உட்கார்ந்தால் போதும். பல தோட்டங்கள் செம்பனைக்கு மாறி, சில நிலம் வீடமைப்புக்குப் போய், லயங்கள் இடிந்துவிட்டன. கேட்க வேண்டியதை இப்போது கேட்கவில்லையென்றால் பிறகு யாரிடமும் கேட்க முடியாது. தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் மாணவர்களை அழைத்து வரும்போதும், ஆளுக்கொரு கேள்வியை வீட்டில் கேட்டு எழுதிவரச் சொன்னால் சுற்றுலா வெறும் குரங்கு பார்ப்பதாக முடியாது.

குரங்கு பார்ப்பதும் தப்பில்லை. இங்கே இரண்டு வகை. கறுத்த வெள்ளி முடியோடு, தலையில் கொண்டை வைத்தது போல இருப்பவை லோத்தோங். சாதுவானவை. அவற்றின் குட்டிகள் ஆரஞ்சு நிறத்தில் பிறந்து, வளர வளரக் கறுக்கும். பழுப்பு நிறத்தில் நீண்ட வாலோடு சுற்றுபவை கெரா. பிளாஸ்டிக் பை, தின்பண்டம், மூக்குக் கண்ணாடி எதையும் விடாமல் பிடுங்கும். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை, பட்டணத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லி வைக்க வேண்டும். ரொட்டி, கேக் போன்றவற்றைக் கொடுத்துப் பழக்குவது அவற்றுக்கும் கேடு.

நேரக் கணக்கு

காலையில் போனால் வெயிலுக்கு முன் முடிக்கலாம். மின்மினிப் பூச்சியும் பார்க்க விரும்புவோர் பிற்பகல் மூன்று, மூன்றரைக்கு மலையேறி, மாலையில் இறங்கி, பட்டணத்தில் சாப்பிட்டுவிட்டு, கம்போங் குவாந்தானுக்குப் போகலாம். பட்டணத்திலிருந்து பத்து கிலோமீட்டருக்கும் குறைவு. இருட்டிய பிறகுதான் படகு. துடுப்புப் போடும் சிறிய மரப்படகில் நான்கு பேர் உட்காரலாம், எஞ்சின் சத்தம் இல்லை. ஆற்றோரம் பெரெம்பாங் மரங்களில் பூச்சிகள் ஒன்றாக மின்னி ஒன்றாக அணையும். கேமரா ஃபிளாஷ், டார்ச் விளக்கு கூடாது. மழை பெய்தால் அன்று படகு ஓடுமா என்று போன் போட்டுக் கேட்டுவிட்டுக் கிளம்பலாம். முழு நிலவு நாளில் வெளிச்சம் மங்கலாகத் தெரியும் என்பதால் நாள்காட்டியையும் ஒரு முறை பார்த்துக்கொள்வது நல்லது.