கொம்பனியின் இரகசியத்தைக் காத்தவர் யார்?

பதிவு கொஞ்சம் நீளம். படகுக்குக் காத்திருக்கும் நேரத்தில் வாசித்து முடிக்கலாம்.

நமது அனலைதீவுக்கு ஒரு காலத்தில் ரொட்டர்டாம் என்று பெயர். நாம் வைத்த பெயரல்ல, ஒல்லாந்தர் வைத்தது. எழுவைதீவு ஹோர்ன், நயினாதீவு ஹார்லெம், புங்குடுதீவு மிடில்பேர்க், காரைதீவு அம்ஸ்டர்டாம், வேலணைப் பக்கம் லைடன், நெடுந்தீவு டெல்ப். டெல்ப் என்ற பெயர்தான் இன்றும் ஆங்கிலத்தில் நின்று பிடிக்கிறது. இந்தப் பெயர்கள் எல்லாம் சும்மா ஊர் நினைவில் வைத்தவை அல்ல. 1602இல் தொடங்கிய ஒல்லாந்துக் கிழக்கிந்தியக் கொம்பனிக்கு ஆறு நகரங்களில் கிளைச் சபைகள் இருந்தன. ரொட்டர்டாம், டெல்ப், ஹோர்ன், அம்ஸ்டர்டாம், மிடில்பேர்க் ஆகிய ஐந்தும் அந்த ஆறில் அடக்கம். முதலாளிமார் கூடிய ஊர்களின் பெயரைத்தான் நமது மணலில் எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். கடற்கோட்டைக்கு ஹமன்ஹீல் என்று பெயர் வைத்தவர்களும் இவர்கள்தான். இலங்கையைப் பன்றித் தொடையாகவும் அந்தக் கோட்டையை அதன் குதியாகவும் கண்டார்களாம். ரசனையை விட்டுவிடுவோம்.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. உயர்தரத்தில் தொழினுட்பம் படிக்கும் பிள்ளைகள் எங்களிடம் வேலைவாய்ப்புப் பற்றிக் கேட்கும்போது ஒரு பதவியின் பெயர் அடிக்கடி வருகிறது: தலைமைத் தகவல் பாதுகாப்பு அதிகாரி, சுருக்கமாக சி.ஐ.எஸ்.ஓ. பெரிய சம்பளம், கொழும்பில் குளிரூட்டிய அறை, கணினித் திரைகள் என்று பிள்ளைகள் அதைக் கற்பனை செய்கிறார்கள். கணினிக்கு மிக முந்தியே இந்த வேலை இருந்தது. அதன் பழைய ரூபம் ஒன்று நமது தீவைப் படத்தில் வரைந்த அதே கொம்பனிக்குள் இருந்தது.

முதலில் கசிவு நடந்தது. காவல் அதற்குப் பிறகுதான் வந்தது. எல்லாக் காலத்திலும் வரிசை இதுதான்.

ஆசியாவுக்கு வரும் கடல்வழியைப் போர்த்துக்கேயர் ஏறக்குறைய நூறு வருடம் இரகசியமாக வைத்திருந்தார்கள். எந்த மாதத்தில் எந்தக் காற்று, எங்கே பார், எங்கே ஆழம், எந்தத் துறையில் தண்ணீர் எடுக்கலாம் என்பதெல்லாம் அவர்களுக்குப் பீரங்கியை விடப் பெறுமதியான சொத்து. வாடையையும் சோளகத்தையும் பார்த்துப் படகு எடுக்கும் நமக்கு இது விளங்கும். 1583இல் கோவாவுக்கு வந்த யான் ஹியூகன் வான் லின்ஸ்கோட்டன் என்ற ஒல்லாந்து இளைஞர் அங்கே கத்தோலிக்கப் பேராயரின் செயலாளராக வேலை செய்தார். பூட்டை உடைக்கவில்லை. கதவால் உள்ளே போனவர், சம்பளத்துக்கு இருந்தவர். வழிக்குறிப்புகளைச் சேர்த்துக்கொண்டு ஊர் திரும்பி 1595, 1596ஆம் ஆண்டுகளில் புத்தகமாக அச்சிட்டார். 1602இல் ஒல்லாந்தரின் கப்பல் மட்டக்களப்புக் கரைக்கு வந்து நின்றது. 1658 ஜூனில் யாழ்ப்பாணக் கோட்டை அவர்கள் கைக்குப் போனது. லின்ஸ்கோட்டனின் புத்தகம் மட்டுமே காரணம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் அந்தப் புத்தகம் இல்லாமல் இவ்வளவு விரைவில் வந்திருப்பார்களா என்பது நியாயமான கேள்வி.

பிறர் இரகசியத்தில் வளர்ந்தவர்களுக்குத் தங்கள் இரகசியத்தில் பயம் அதிகம். 1617இல் கொம்பனி ஹெசல் கெரிட்ஸ் என்ற வரைபடக்காரரைத் தனது உத்தியோகபூர்வ வரைபடப் பொறுப்பாளராக நியமித்தது. அவருடைய வேலையைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். ஆசியாவிலிருந்து திரும்பும் கப்பல்களின் நாட்குறிப்புகள் அவரிடம் வரும். புதிதாகக் கண்ட பாறையையும் பிழையாக வரைந்த கரையையும் அவர் திருத்துவார். திருத்திய படத்தைத் தோலில் கையால் பிரதி செய்து புறப்படும் கப்பல்களுக்குக் கொடுப்பார்கள். பயணம் முடிந்து வந்தால் படத்தைத் திருப்பிக் கையளிக்க வேண்டும். அச்சிடக் கூடாது, வெளியாருக்குக் காட்டக் கூடாது.

இன்றைய சி.ஐ.எஸ்.ஓ.வின் பாடப்புத்தகத்தில் மூன்று விஷயம் முதலில் வரும். பார்க்கக் கூடாதவர் பார்க்கக் கூடாது. எழுதியிருப்பது சரியாக இருக்க வேண்டும். தேவைப்படும் நேரத்தில் தேவைப்படுபவர் கையில் கிடைக்க வேண்டும். கெரிட்ஸ் செய்தது இந்த மூன்றையும்தான். மூன்றும் ஒன்றுக்கொன்று இழுபறி என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கும். படத்தை மிகப் பத்திரமாகப் பெட்டகத்தில் பூட்டி வைத்தால் கப்பல் பாரில் ஏறும்.

1632இல் அவர் இறந்தார். அடுத்த வருடம் வில்லெம் பிளாவ், 1638இல் அவர் மகன் யோவான் பிளாவ் அந்தப் பொறுப்புக்கு வந்தார்கள். பிளாவ் குடும்பம் அந்தக் காலத்தில் ஐரோப்பாவிலேயே பெயர்பெற்ற வரைபட வியாபாரிகள். படம் விற்றுப் பிழைப்பவரிடமே இரகசியப் படத்தைக் கொடுப்பது, பாலுக்குப் பூனையைக் காவல் வைத்த கதைதான். ஆனாலும் அவர்கள் அச்சிட்டு விற்ற அழகான புத்தகங்களில் கொம்பனியின் புதிய விவரங்கள் பெரும்பாலும் வரவில்லை. காவலில் பிழை சொல்ல முடியாது. ஆசியக் கடலின் அந்தப் படங்கள் பொதுமக்கள் வாங்கும்படி அச்சில் வந்தது 1753இல், வான் கோய்லன் நிறுவனத்தால். 1617இலிருந்து எண்ணினால் 136 வருடம். இன்றைய எந்த நிறுவனம் 136 வருடம் ஒரு இரகசியத்தைக் காத்திருக்கிறது?

சரி, காத்தது யாருடைய தகவலை, யாருக்காக? நமக்கு இந்தக் கேள்விதான் முக்கியம்.

ஒல்லாந்தர் கடலை மட்டும் எழுதவில்லை, நம்மையும் எழுதினார்கள். போர்த்துக்கேயர் தொடக்கி வைத்த தோம்பு முறையை இவர்கள் விரித்தார்கள். காணித் தோம்பு, ஆட்தோம்பு, பள்ளித் தோம்பு. யாருக்கு எவ்வளவு காணி, எத்தனை பனை, எந்தச் சாதி, என்ன வரி, யார் ஞானஸ்நானம் பெற்றார், யாரை யார் கட்டினார். பள்ளித் தோம்பு எழுதும் வேலை பள்ளிக்கூட வாத்தியார் தலையில்தான் இருந்தது என்பதை ஆசிரியர்களாகிய நாங்கள் கொஞ்சம் சங்கடத்தோடுதான் சொல்ல வேண்டும். கொம்பனி தன் படங்களை எண்ணி எண்ணிக் காத்தது. தோம்பில் இருந்த சனங்களின் விவரத்தையும் பத்திரமாக வைத்தது, ஆனால் வரிக்காகவும் ஊழியத்துக்காகவும். எழுதப்பட்டவனுக்குத் தன்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கும் உரிமை கிடையாது. நல்ல பாதுகாப்பும் நியாயமான பாதுகாப்பும் ஒன்றல்ல என்பதற்கு நமது மண்ணிலேயே சான்று இருக்கிறது.

முஸ்லிம்களாகிய எங்களிடம் இதற்கு ஒரு பழைய சொல் உண்டு: அமானிதம். ஒருவர் நம்பி ஒப்படைத்த பொருள், அதைக் காக்கும் பொறுப்பு, இரண்டுக்கும் அதே சொல். மக்காவில் நபி முஹம்மது (ஸல்) அவர்களை எதிர்த்தவர்கள்கூடத் தங்கள் பொருட்களை அவரிடம்தான் கொடுத்து வைத்திருந்தார்கள். 622இல் உயிருக்கு ஆபத்து வந்து மதீனாவுக்குப் புறப்பட்டபோது, அவற்றை உரியவர்களிடம் திருப்பிக் கொடுப்பதற்காக அலீ (ரலி) அவர்களை விட்டுவிட்டுப் போனார்கள். இங்கே கணக்குச் சொல்ல வேண்டியது முதலாளிக்கு அல்ல, பொருளின் சொந்தக்காரருக்கு.

இனி நமது காலம். 1994இல் ரஷ்யாவிலிருந்து விளாடிமிர் லெவின் என்பவரும் கூட்டாளிகளும் அமெரிக்காவின் சிட்டி வங்கிக் கணினிக்குள் புகுந்து பத்து மில்லியன் டொலருக்கு மேல் வேறு கணக்குகளுக்கு மாற்றினார்கள். பெரும்பகுதி மீட்கப்பட்டது. பணத்தை விடப் பெரிய நட்டம் பெயருக்கு. 1995இல் அந்த வங்கிக் குழுமம் ஸ்டீவ் கட்ஸ் என்பவரைத் தகவல் பாதுகாப்புக்குத் தலைவராக நியமித்தது. உலகின் முதல் சி.ஐ.எஸ்.ஓ. என்று அவரைத்தான் சொல்வார்கள். திரும்பவும் அதே வரிசை: கசிவு, பிறகு காவல். பூட்டு வாங்கிப் போடுவதற்கு ஆட்கள் ஏற்கனவே இருந்தார்கள். பூட்டு உடைந்தால் எழுந்து நின்று பதில் சொல்ல ஒரு ஆள் இல்லை. அந்த ஆளுக்குத்தான் பதவி உண்டாக்கினார்கள்.

2016 பெப்ரவரியில் வங்காளதேச மத்திய வங்கியின் பணத்தைத் திருடியவர்கள் 20 மில்லியன் டொலரை இலங்கைக்கும் அனுப்பப் பார்த்தார்கள். பெறுநர் பெயரில் ‘ஃபவுண்டேஷன்’ என்பதை ‘ஃபண்டேஷன்’ என்று எழுதியிருந்தபடியால் இடையில் இருந்த வங்கி சந்தேகப்பட்டுக் கேட்டது, பணம் நின்றது. எழுத்துப்பிழை கவனிக்கச் சொல்லி நாங்கள் ஏன் கரைச்சல் தருகிறோம் என்று கேட்கும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்வதுண்டு. பிலிப்பைன்ஸ் போன 81 மில்லியன் டொலரில் எழுத்துப்பிழை இருக்கவில்லை.

நமது நாட்டுக் கதை இன்னும் கிட்ட. 2023 ஓகஸ்ட் 26 அன்று அரசாங்கத்தின் மின்னஞ்சல் சேவையைக் கப்பம் கேட்கும் மென்பொருள் தாக்கியது. அமைச்சரவை அலுவலகம் உட்பட சுமார் 5,000 மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் அன்று வரையான கடிதங்கள் திரும்பக் கிடைக்கவில்லை, அந்தக் காலத்துக்கு வேறாக வைத்த பிரதி இல்லை. ஓடியது 2013ஆம் ஆண்டின் பழைய மென்பொருள். புதுப்பிக்கப் பணம் போதவில்லை, முன்னைய சபைத் தீர்மானங்கள் தடையாக இருந்தன என்று காரணம் சொல்லப்பட்டது. தனக்குத் தெரிந்த ஆபத்தை எழுத்தில் வைத்து, கூட்டத்தில் மேசையில் தட்டிச் சொல்லும் அதிகாரமுள்ள ஒருவர் இருந்தால் அது தீர்மானப் புத்தகத்துக்குள் தூங்கியிருக்குமா?

பிரதி இல்லாமல் இழப்பது நமக்குப் புதிதல்ல. 1981இல் யாழ் நூலகத்தோடு ஒற்றைப் பிரதியாக இருந்த ஏடுகளும் எரிந்தன. 1990 ஒக்டோபர் முடிவில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் இரண்டு மணி நேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்டபோது காணி உறுதி, பிறப்பத்தாட்சி எல்லாம் வீடுகளிலேயே கிடந்தன. போரில் இடம்பெயர்ந்த தீவகத்துத் தமிழ்க் குடும்பங்களுக்கும் இந்த அனுபவம் தெரியும். கணினிப் பழுதையும் இவற்றையும் ஒரு தராசில் வைக்கவில்லை, இவை மனிதர் மனிதருக்குச் செய்த அநியாயம். ஆனால் ஒரு துண்டு உறுதியைக் காட்ட முடியாமல் சொந்தக் காணி வாசலில் நிற்பது என்னவென்று நாம் அறிவோம். அதனால் ‘தகவல்தானே’ என்று நாம் சொல்ல முடியாது.

இப்போது வங்கிகளுக்கு மத்திய வங்கி 2021இல் விடுத்த பணிப்புரையில் இந்தப் பதவி பெயர் சொல்லியே கேட்கப்பட்டிருக்கிறது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இருக்கிறது. அது முழுமையாக நடைமுறைக்கு வரவேண்டிய திகதி ஒருமுறை வந்து, பின்போடப்பட்டது. அந்தச் சட்டத்தின் நல்ல பக்கம், தோம்பில் இல்லாத உரிமையைத் தருவது. உங்களைப் பற்றி என்ன எழுதி வைத்திருக்கிறார்கள் என்று கேட்கலாம், பிழையைத் திருத்தச் சொல்லலாம்.

அனலைதீவில் சி.ஐ.எஸ்.ஓ. யார் என்று சிரிக்க வேண்டாம். கனடாவிலிருந்து பிள்ளை அனுப்பும் காசின் ரகசிய இலக்கம், ஓ.ரி.பி., அம்மாவின் அடையாள அட்டைப் படம் எல்லாம் ஒரு கைபேசியில் இருக்கின்றன. உதவித்திட்டம் வந்தால் பெயர், அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி இலக்கம், வங்கிக் கணக்கு என்று முழுப் பட்டியலும் வட்ஸ்அப் குழுமத்தில் வந்து விழுகிறது. அந்தக் குழுமத்தில் ஊரைவிட்டுப் போய்ப் பத்து வருடமானவர்களும் இருக்கிறார்கள், யாரென்றே தெரியாத இலக்கங்களும் இருக்கின்றன. கெட்ட எண்ணத்தில் யாரும் போடுவதில்லை. ‘உங்கள் பெயர் வந்திருக்கிறது, பாருங்கோ’ என்ற நல்ல மனதுதான். மோசடிக்காரனுக்கு வேண்டியதும் அந்தப் பட்டியல்தான்.

ஆகவே ஒரு யோசனை. சங்கமோ, சனசமூக நிலையமோ, கோயில், பள்ளிவாசல், தேவாலய நிர்வாகமோ, எங்கள் பள்ளிக்கூடமோ, பட்டியல் எடுக்கும் ஒவ்வொரு இடத்திலும் அதற்கு ஒருவரின் பெயரைக் கூட்டக் குறிப்பில் எழுதுவோம். பட்டியல் எத்தனை பிரதி, யாரிடம், எப்போது அழிப்பது என்று அவர் சொல்ல வேண்டும். குழுமத்தில் போடுவதானால் பெயரும் அடையாள அட்டையின் கடைசி மூன்று இலக்கமும் போதும். பள்ளிக்கூடத்து மாணவர் விவரங்களுக்கு அந்தப் பெயரை அடுத்த பெற்றோர் கூட்டத்தில் அறிவிக்கிறோம். மற்ற இடங்களில் யார் என்பதைப் பின்னூட்டத்தில் நீங்கள் எழுதுங்கள்.