வளச் சமப்படுத்தல்

ஒரே ஆள் அல்லது ஒரே இயந்திரம் ஒரே நேரத்தில் இரண்டு வேலைகளுக்கு ஒதுக்கப்பட்டிருந்தால், அவற்றில் ஒன்றைப் பின்தள்ளி அட்டவணையை நடக்கக்கூடியதாக மாற்றுவது வளச் சமப்படுத்தல் எனப்படும். 1957இல் டூபாண்ட் நிறுவனத்துக்காக மோர்கன் வோக்கரும் ஜேம்ஸ் கெல்லியும் உருவாக்கிய அவதிப் பாதை முறையின் அடிப்படை வடிவம் வேலைகளின் வரிசையையும் கால அளவையும் மட்டுமே பார்த்தது. ஆளும் இயந்திரமும் கேட்டவுடன் கிடைக்கும் என்பது அதன் எடுகோள்.

கொள்ளுப்பிட்டியில் மாடிக் கட்டடம் எழுப்பும் தளமொன்றில் ஒரே கிரேன் என்று வைத்துக்கொள்வோம். தளக் கொங்கிறீட்டுக்கு 6 நாள், கண்ணாடிச் சட்டங்களை ஏற்ற 4 நாள். இரண்டுமே திங்கட்கிழமை தொடங்கவேண்டும். முன்னது அவதிப் பாதையில், அதாவது தாமதித்தால் முடிவுத் திகதியே தள்ளிப்போகும் வேலை வரிசையில், உள்ளது. பின்னதற்கு 8 நாள் தளர்வு, அதாவது முடிவுத் திகதியைப் பாதிக்காமல் தள்ளக்கூடிய அவகாசம், உண்டு. திட்டமிடல் மென்பொருள், கண்ணாடிச் சட்டங்களை 6 நாள் தள்ளும், தளர்வு 2 நாளாகச் சுருங்கும், முடிவுத் திகதி அசையாது. தளர்வு போதாவிட்டால் முடிவுத் திகதியே நகரும். அதைத் தடுக்க, தளர்வுக்குள் மட்டும் சமப்படுத்துமாறு பணிக்கலாம்.

மைக்ரோசொப்ட் புரொஜெக்ட்டில் முன்னுரிமை 0 முதல் 1000 வரை. 1000 இட்ட வேலையை அது தள்ளாது. தாமதம் நாட்காட்டி நாட்களில் கணக்கிடப்படுவதால் ஞாயிறும் போயாவும் அதற்குள் அடங்கும். புதிதாகப் பழகுவோர் தடுமாறும் இடம் இது. மிகச் சிறந்த தீர்வைக் கண்டறிவது கணிதரீதியில் மிகக் கடினம். ஆகவே மென்பொருள் தருவது நடைமுறைத் தீர்வுதான்.

இந்த முறையின் எல்லையைக் கொள்ளுப்பிட்டியின் காலி வீதியிலேயே பார்க்கலாம். சிலிங்கோ குழுமத்தின் செலஸ்ரியல் குடியிருப்பாகத் தொடங்கிய கோபுரம், 2008இல் அதே குழுமத்தின் கோல்டன் கீ நிறுவனம் சரிந்தபின் நின்றுபோனது. 2011இன் குறைபயன் சொத்துகள் சட்டத்தின் கீழ் அரசு அதைக் கையேற்று ஹயாட் ஹோட்டலாக்க முனைந்தது. ஊழியர் சேமலாப நிதியம் மட்டும் 5 பில்லியன் ரூபாய் முதலிட்டது. கட்டடம் முடியுமுன்னே, 2022 ஏப்ரலில் நாடே வெளிநாட்டுக் கடன் செலுத்துவதை நிறுத்தியது.

அங்கே தட்டுப்பாடானது கிரேன் அல்ல, பணம். மென்பொருளில் பணத்தைச் செலவு வளமாகப் பதியலாம். சமப்படுத்தல் கட்டளையோ ஆளையும் இயந்திரத்தையும் மட்டுமே தொடும். நிதி வரும் திகதியைத் தனியொரு வேலையாக எழுதி, அடுத்தவற்றை அதனோடு பிணைப்பதே கைகொடுக்கும் வழி.