போறணை இல்லாத வீட்டு நத்தார்

கிறிஸ்மஸ் பண்டிகையை இலங்கைத் தமிழர்களாகிய நாம் நத்தார் என்கிறோம். கடல் கடந்து தமிழ்நாட்டுக்குப் போனால் இந்தச் சொல் பலருக்கு விளங்காது. போர்த்துக்கேய மொழியில் இந்தப் பெருநாளுக்குப் பெயர் நத்தால். அதுவே நம் நாவில் நத்தார் ஆயிற்று. சிங்களத்தில் நத்தல ஆயிற்று.

1505இல் இத்தீவில் வந்திறங்கிய போர்த்துக்கேயர் 1658இல் யாழ்ப்பாணத்தையும் ஒல்லாந்தரிடம் பறிகொடுத்துவிட்டுப் போனார்கள். அவர்கள் விட்டுச்சென்ற சொற்களோ நம் வீடுகளில் இன்றும் புழங்குகின்றன. மேசை, அலுமாரி, குசினி, பாண், விசுக்கோத்து என்று பட்டியல் நீளும். இவற்றுள் ஒரு சொல்லைப் பற்றியே இன்று நேயர்களுடன் பேச விரும்புகிறேன். அது போறணை. பாணும் கேக்கும் வேகும் அடுப்புக்குப் போர்த்துக்கேயர் வைத்த பெயர் ஃபோர்னோ. அதிலிருந்து வந்தது நமது போறணை.

தமிழர் சமையலில் ஆவியில் அவிப்பது உண்டு. எண்ணெயில் பொரிப்பது உண்டு. கல்லில் சுடுவது உண்டு. நாலாபுறமும் மூடிய சூட்டில் மாவை வேகவைக்கும் வழக்கம் நம் வீடுகளில் இருந்ததில்லை. ஆகவே போறணை வந்தபோது அதனுடன் ஒரு புதிய இனிப்பு உலகமே வந்தது. ரவை, கஜு, முட்டை மஞ்சட்கரு, பன்னீர், தேன் சேர்த்துச் செய்யும் லவ் கேக்கின் வேரைப் போர்த்துக்கேயரிடம் தேடுகிறார்கள். கஜு என்ற பெயரும் அவர்கள் பிரேசிலிலிருந்து மரத்தோடு கொண்டுவந்ததே. நீற்றுப் பூசணியைச் சீனிப்பாகில் ஊறவைத்துச் செய்யும் தோசியும் அவர்களது சொல்தான். இனிப்பு என்பது அதன் பொருள்.

ஒல்லாந்தர் வழிவந்த பறங்கியர் வீடுகளில் நத்தார் காலை உணவு புறூடர். வரிவரியான பள்ளங்கள் கொண்ட அச்சில் புளித்த மாவை வார்த்துச் சுட்டு, வெண்ணெயும் சீஸும் வைத்து உண்பார்கள். பின்னர் ஆங்கிலேயரின் பழக் கேக் வந்தது. அது இங்கே வந்ததும் கோதுமை மாவின் இடத்தில் ரவையையும், வாதுமையின் இடத்தில் கஜுவையும் ஏற்று, பூசணித் தோசியையும் ஏலக்காயையும் கறுவாவையும் சேர்த்துக்கொண்டு இந்த நாட்டுக் கேக்காகவே மாறிவிட்டது. இந்தக் கலப்பையெல்லாம் அச்சில் காண விரும்புகிறவர்கள் ஹில்டா டொய்ட்ரம் தொகுத்து 1929இல் வெளிவந்த சிலோன் டெய்லி நியூஸ் சமையல் நூலைப் பார்க்கலாம். இறாத்தலும் அவுன்சுமாக அளந்து எழுதப்பட்ட நூல் அது. வீட்டில் போறணை உள்ளவர்களுக்காக எழுதப்பட்டது.

போறணை இல்லாத வீட்டின் கதை எங்கே எழுதப்பட்டிருக்கிறது? நான் பிறந்தது குருவிட்டப் பகுதித் தோட்டம் ஒன்றின் லயத்தில். இரத்தினபுரிக்குப் போகும் கொழும்பு வீதியில், நகருக்குச் சற்று முன்னால் இருக்கிறது குருவிட்ட. ஒருபுறம் தேயிலை, ஒருபுறம் இறப்பர், பள்ளங்களில் மாணிக்கக் குழிகள். மார்கழிப் பௌர்ணமியோடு சிவனொளிபாத மலைப் பருவம் தொடங்கிவிடும். எரத்ன வழியாக மலையேறும் யாத்திரிகர்களும் நத்தாருக்குச் சாமான் வாங்க வரும் தோட்டத்து மக்களும் ஒரே கடைத்தெருவில் முட்டிக்கொள்வார்கள்.

எங்கள் குடியிருப்பின் பெயர்களை எண்ணிப் பார்க்கிறேன். வரிசையாகக் கட்டிய வீடு லயம். அது ஆங்கிலேயரின் லைன். ஒரு குடும்பம் வாழும், பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை காம்பிரா. அது போர்த்துக்கேயர் சொல். அறைக்கு முன்னால் உள்ள திண்ணை இஸ்தோப்பு. அது ஒல்லாந்தர் சொல். மூன்று ஆட்சியாளரின் மொழியும் ஒரு கூரையின் கீழே இருந்தது. போறணை என்ற நாலாவது சொல் மட்டும் அந்தக் கூரைக்குள் வரவேயில்லை. அது துரை பங்களாவின் குசினியில் இருந்தது.

ஆகவே லயத்து நத்தார் எண்ணெய்ச் சட்டியின் நத்தாராக இருந்தது. தோட்டத் தமிழரிடையே ஊழியம் செய்வதற்காக 1854இல் தமிழ்க் கூலி மிஷன் தொடங்கப்பட்டது. திருநெல்வேலிச் சீமைச் சபைகளிலிருந்து உபதேசிமார் வந்தார்கள். எங்கள் குடும்பத்தின் பூர்வீகமும் அந்தச் சீமைதான். ஆச்சியின் கைப்பழக்கமும் அங்கிருந்து வந்ததே. அதிரசம், முறுக்கு, அச்சு முறுக்கு, முந்திரிக்கொத்து ஆகிய நான்கும் இல்லாமல் அவருக்கு நத்தார் இல்லை. முந்திரிக்கொத்தில் முந்திரி கிடையாது. வறுத்த பயற்றம் மாவை வெல்லப்பாகில் உருட்டி, அரிசி மாக்கரைசலில் தோய்த்து, மும்மூன்றாக ஒட்டிப் பொரிப்பதால் திராட்சைக் கொத்துப்போல் தோன்றும். அதனால் வந்த பெயர் என்பார்கள். இதன் உடன்பிறப்பே யாழ்ப்பாணத்துப் பயற்றம் பணியாரம். சிங்கள வீடுகளில் முங் கெவும். அதிரசம் யாழ்ப்பாணத்தில் அரியதரம்; சிங்களத்தில் அத்திரச. அச்சு முறுக்கை இங்கே கொக்கிஸ் என்கிறோம். அந்தப் பெயருக்கு ஒல்லாந்தரின் கூக்கியைக் காரணம் காட்டுகிறார்கள். கேரளத்துக் கிறிஸ்தவர்கள் அதையே அச்சப்பம் என்று நத்தாருக்குச் சுடுகிறார்கள். பலகாரங்களுக்குக் குடியுரிமைச் சட்டம் இல்லை. 1948இல் வந்த சட்டம் எங்களைத்தான் நாடற்றவர் ஆக்கியது; எங்கள் அதிரசத்தை ஒன்றும் செய்ய முடியவில்லை.

அந்த அதிரசமும் குருவிட்டவுக்கு வந்தபின் மாறியது. திருநெல்வேலியில் வெல்லப்பாகு. இங்கே வெல்லத்துக்கு எங்கே போவது? சப்ரகமுவ கித்துள் மரத்தின் தேசம். தமிழில் கூந்தற்பனை என்பார்கள். அதன் பூவைச் சீவி இறக்கும் பதநீரைக் காய்ச்சினால் பாணி. மேலும் இறுக்கித் தேங்காய்ச் சிரட்டையில் வார்த்தால் கருப்பட்டி. பக்கத்துச் சிங்களக் கிராமத்தைத் தோட்டத்தில் நாங்கள் 'நாடு' என்போம். நாட்டிலிருந்து ஓர் அம்மே, காய்ந்த வாழைச் சருகில் சுற்றிய கருப்பட்டியை எங்கள் இஸ்தோப்புக்குக் கொண்டுவருவார். ஆச்சிக்குச் சிங்களம் அரைகுறை. அவருக்குத் தமிழ் அரைகுறை. பாகின் பதத்தைப் பற்றிய பேச்சில் இருவருக்கும் மொழி தடையாக இருந்ததில்லை. தேங்காய்ப்பாலும் அரிசி மாவும் அதே கருப்பட்டியும் சேர்த்து, எண்ணெய் பிரியுமட்டும் துழாவும் தொதலை ஆச்சி அவரிடமே கற்றார். தொதலோ ஒல்லாந்தர் காலத்தில் இங்கு வந்த மலாயர் தந்த பலகாரம் என்பார்கள்.

பலகாரத்துக்கான காசு எளிதில் வந்ததில்லை. நாட்டிலேயே அதிகம் மழை பெய்யும் பகுதிகளில் எங்கள் பகுதியும் ஒன்று. மரப்பட்டை நனைந்தால் இறப்பர்ப் பால் வெட்ட முடியாது. வெட்டாத நாளுக்குச் சம்பளம் குறையும். ஐப்பசி, கார்த்திகை அடைமழை முடிந்து மெலிந்த சம்பளத்தோடு மார்கழி பிறக்கும். தோட்டத்தில் பண்டிகை முற்பணம் கொடுப்பார்கள். பிறகு அதை மாதாமாதம் கழிப்பார்கள். நத்தார் அன்று தின்ற முறுக்குக்குச் சித்திரை கடந்தும் பணம் கட்டிக்கொண்டிருப்போம். அப்படியிருந்தும் லயத்தில் உள்ள இந்துக் குடும்பங்களுக்கெல்லாம் தட்டுப் போகும். வெறுந்தட்டாக அது திரும்பாது. தைப்பொங்கலுக்குத் திரும்பி வரும்.

இனி, கேக் எப்படி லயத்துக்குள் வந்தது என்று சொல்ல வேண்டும். மலபாரில் தலைச்சேரியில் மம்பள்ளி பாப்பு என்பவர் 1880இல் ஒரு பிஸ்கட் தொழிற்சாலை வைத்தார். 1883இல் அஞ்சரக்கண்டித் தோட்டத் துரையொருவர் இங்கிலாந்திலிருந்து வந்த கேக்கை அவரிடம் காட்டி, இதுபோல் செய்துதர முடியுமா என்று கேட்டாராம். இந்தியாவின் முதல் கிறிஸ்மஸ் கேக் அப்படித்தான் பிறந்தது என்று சொல்வார்கள். அங்கே சமையற்காரரின் பெயர் நிலைத்தது. எங்கள் மலைகளில் எத்தனையோ பங்களாக்களில் எத்தனையோ அப்புமார் துரைசானி சொல்லச் சொல்லக் கேக் அடித்தார்கள். அவர்கள் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை.

எங்கள் உறவில் ஒருவர் பங்களாக் குசினியில் எடுபிடியாக இருந்தார். கலவையை அவர் கற்றுக்கொண்டார். போறணையைக் கொண்டுவர முடியவில்லை. லயத்துப் பெண்கள் கண்ட வழி இது. அகன்ற மண்சட்டியில் இரண்டு விரற்கடை மணலைப் பரப்பிச் சூடாக்குவார்கள். நடுவில் ஒரு தகர மூடியைக் கவிழ்த்து, அதன்மேல் கலவை வார்த்த பால்மா டின்னை வைப்பார்கள். சட்டியை இரும்புத் தகட்டால் மூடி, தகட்டின்மேல் சிரட்டைத் தணலைப் பரப்புவார்கள். கீழே இறப்பர் விறகு, மேலே சிரட்டைக் கரி. ஈர்க்கால் குத்திப் பார்த்து, ஈர்க்கில் ஒட்டாவிட்டால் இறக்குவார்கள். ஒரு பக்கம் கருகும், ஒரு பக்கம் வெளுக்கும். அதை விரலளவு துண்டுகளாக வெட்டி வண்ணத் தாளில் சுற்றி, கரோல் பாட வரும் பிள்ளைகளுக்குக் கொடுப்பார்கள்.

எந்த வழியையும் அடைத்துவிடும் காலமும் வந்தது. 1970களின் நடுப்பகுதியை என் வயதுத் தோட்டத்து மக்கள் எவரும் மறக்க முடியாது. சீனி கூப்பனுக்கு மட்டும். பாணுக்கு விடியமுன் வரிசை. பிளம்ஸ் கண்ணிலும் இல்லை. 1974இல் தோட்டங்களில் இறப்பு வீதம் நாட்டின் ஏனைய பகுதிகளைவிட மிக உயர்ந்தது என்பது பதிவான உண்மை. பஞ்சத்தில் இறந்தவர்கள் எங்கள் லயத்திலும் உண்டு. அந்த வருட நத்தாருக்கு ஆச்சி மரவள்ளிக்கிழங்கைத் துருவிப் பிழிந்து, கொஞ்சம் கருப்பட்டி சேர்த்து, வாழையிலையில் வைத்து அவித்தார். ஆளுக்கு ஒன்று. எண்ணெய்ச் சட்டி ஏறாத நத்தார் என் நினைவில் அது ஒன்றுதான். ஆனாலும் தட்டுப் போயிற்று. ஒரே ஒரு தட்டு. அவ்வாண்டு பிள்ளையைப் பறிகொடுத்த காம்பிராவுக்கு.

1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கென்று ஒதுக்கப்பட்டவர்கள் 5,25,000 பேர். அவர்களில் என் சின்னம்மாவின் குடும்பமும் ஒன்று. தலைமன்னாரில் கப்பலேறும்போது அவர் பெட்டியில் எங்கள் வீட்டுக் கொக்கிஸ் அச்சு போயிற்று. நீலகிரியில் கூடலூர்ப் பக்கம் குடியேறிய அவர், அங்கே அக்கம்பக்கத்தார் அதைச் சிலோன் பலகாரம் என்று கேட்டு வாங்குவதாக எழுதியிருந்தார். திருநெல்வேலியிலிருந்து அச்சு முறுக்காகப் புறப்பட்டது, சிலோன் பலகாரமாகத் திரும்பிப் போயிற்று. பலகாரத்தைச் சுட்ட கைகளையும் அங்கே சிலோன்காரர் என்றே அழைத்தார்கள். இங்கே இந்தியர், அங்கே சிலோன்காரர்.

1981 ஆகஸ்டில் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களில் தமிழ் மக்கள் தாக்கப்பட்டார்கள். பல லயங்கள் எரிந்தன. நாங்கள் சில இரவுகளை இறப்பர்க் காட்டில் கழித்தோம். அந்த டிசெம்பரில் அரிசி ஊறப்போடும் எண்ணமே ஆச்சிக்கு இல்லை. நாட்டோடு பேச்சுவார்த்தை நின்றுபோயிருந்தது. ஒரு மாலை அந்த அம்மே வந்தார். இஸ்தோப்பில் ஏறவில்லை, படிக்கட்டில் நின்றார். வழக்கம்போல் மூன்று கருப்பட்டியை வைத்தார். காசு கொடுக்கப் போன ஆச்சியின் கையை மடக்கிவிட்டுப் போய்விட்டார். ஆச்சி வெகுநேரம் அந்தச் சருகுப் பொட்டலத்தைப் பிரிக்கவில்லை. மறுநாள் காலை உரல் சத்தம் கேட்டுத்தான் நான் விழித்தேன். அவ்வருட அதிரசத்தில் முதல் ஈட்டை எடுத்துக்கொண்டு என்னை நாட்டுக்கு அனுப்பினார். பயந்துகொண்டே போனேன். அம்மே தட்டை வாங்கி, ஒன்றை எடுத்து என் கண்ணெதிரேயே கடித்தார். "பதம் ஹொந்தாய்" என்றார். நடந்த அநியாயத்தை ஒரு கருப்பட்டி நேராக்கிவிடும் என்று நான் சொல்லவில்லை. எரிந்த லயம் எரிந்ததுதான். எங்கள் பக்கத்தில் அறுந்திருந்த ஒரு பாதை அன்று நடக்கும்படி ஆயிற்று என்பதை மட்டும் சொல்கிறேன்.

பின்னாளில் குருவிட்டக் கடைத்தெருவில் கேக்கை இறாத்தல் கணக்கில் வாங்கும் காலம் வந்தது. மண்சட்டிகள் பரணுக்குப் போயின. 2022இல் நாட்டின் பொருளாதாரம் நொறுங்கி, எரிவாயு தட்டுப்பட்டு, பேக்கரிகள் பல மூடிக்கிடந்தபோது, எங்கள் உறவு வீடொன்றில் மண்சட்டியைத் தூசு தட்டி எடுத்தார்கள். மணலை எவ்வளவு போடுவது, தணலை எப்போது மாற்றுவது என்று கேட்க எண்பது வயதுக் கிழவி ஒருத்தி இருந்ததால் சரியாகப் போயிற்று. அவளும் இல்லாத வீடுகளில் யாரைக் கேட்பார்கள்?

1929ஆம் ஆண்டு நூலில் இடம்பெறாத ஓர் அளவை, என் பங்குக்கு எழுதிவைத்திருக்கிறேன். பச்சரிசி நான்கு சுண்டு. ஊறவைத்து, நிழலில் துவட்டி, ஈரம் முற்றும் போகுமுன் இடித்து அரிக்க வேண்டும். சிரட்டைக் கருப்பட்டி மூன்று. பாகைத் தண்ணீரில் விட்டால் உருண்டு திரள வேண்டும். விரலில் கல்லாக நிற்கக் கூடாது. ஏலக்காய் நான்கு. மாவைப் பிசைந்து இரண்டு நாள் மூடிவைக்க வேண்டும். வாழையிலையில் தட்டி, மெல்லிய நெருப்பில் பொரித்து, இரண்டு அகப்பைகளுக்கு இடையே எண்ணெயை ஒற்றி எடுக்க வேண்டும். முதல் ஈடு வீட்டுக்கு அல்ல. அது அடுத்த வீட்டுக்கு.