யூமெனிஸைக் காட்டிக் கொடுத்த கிழவர்கள்

அலெக்சாண்டர் செத்த பிறகு அவருடைய தளபதிகளுக்குள் நடந்த அடிதடியைப் பற்றி எது கிடைத்தாலும் படித்துவிடுவது என்று எனக்கு ஒரு பைத்தியம் உண்டு. நாவல், காமிக்ஸ், ஆராய்ச்சிப் புத்தகம், எதுவானாலும் சரி. கி.மு. 323 ஜூனில் பாபிலோனில் அவர் கண்ணை மூடியபோது 33 வயதுகூட நிறையவில்லை. வாரிசு என்று பார்த்தால் இரண்டே பேர். ஒருவர் அப்பா வழிச் சகோதரர் அரிடேயஸ், ஆட்சி நடத்தும் மனநிலையில் இல்லாதவர். இன்னொன்று மனைவி ரொக்ஸானாவின் வயிற்றில் இருந்த குழந்தை. கிரேக்கத்திலிருந்து சிந்து நதி வரை ஒரு ராஜ்யம், சுற்றிலும் வாளோடு நிற்கும் தளபதிகள். மிச்சத்தை நீங்களே ஊகித்துவிடலாம். சண்டை ஓய ஏறக்குறைய 40 வருஷம் ஆயிற்று.

இதை வைத்து வந்த நாவல்களில் பலருக்கும் தெரிந்தது மேரி ரெனால்ட் 1981-ல் எழுதிய ‘ஃப்யூனரல் கேம்ஸ்’. அலெக்சாண்டரின் மரணப் படுக்கையில் தொடங்கி, அவருடைய குடும்பம் ஒவ்வொருவராக அழிவதைச் சொல்லும் நாவல். அம்மா ஒலிம்பியாஸ், ரொக்ஸானா, அரிடேயஸ், அரிடேயஸின் இளம் மனைவி யூரிடைஸ் என்று எல்லாருக்கும் அதில் இடம் உண்டு. எனக்குப் பிடித்த ஆசாமிக்கு மட்டும் அதில் ஓரமாகத்தான் இடம். அவர் யூமெனிஸ். அவரையே கதாநாயகனாக வைத்து ‘பாரசைட்’ புகழ் ஹிட்டோஷி இவாகி 2003 முதல் ஜப்பானிய மாங்கா ஒன்றை வரைந்து வருகிறார். பெயர் ‘ஹிஸ்டோரியே’. 20 வருஷம் தாண்டியும் கதை அலெக்சாண்டரின் அப்பா பிலிப் காலத்தை விட்டு நகர்ந்தபாடில்லை. நான் சொல்லப்போகும் இடத்துக்கு அவர் வந்து சேர்வதற்குள் எனக்குப் பேரன் பிறந்துவிடுவான்.

யூமெனிஸ் மாசிடோனியர் இல்லை. இன்றைய துருக்கியின் கலிபோலி தீபகற்பத்தில் இருந்த கார்டியா என்ற கிரேக்க ஊர்க்காரர். பிலிப்பிடம் எழுத்தராகச் சேர்ந்தார், பிறகு அலெக்சாண்டருக்குத் தலைமைச் செயலாளர் ஆனார். கடிதங்கள், உத்தரவுகள், அரசவை நாட்குறிப்பு எல்லாம் அவர் பொறுப்பு. அலெக்சாண்டர் இறந்ததும் நியோப்டோலமஸ் என்ற தளபதி ஒரு கிண்டல் அடித்தார்: நாங்களெல்லாம் ஈட்டியும் கேடயமுமாக ராஜா பின்னால் போனோம், இவர் எழுத்தாணியும் பலகையுமாகப் போனார் என்று.

புளுடார்க் சொல்லும் ஒரு சம்பவத்தை என் தொழில்காரர்கள் யாரும் விடக்கூடாது. நியார்க்கஸின் கடற்பயணத்துக்காக அலெக்சாண்டர் அதிகாரிகளிடம் பணம் கேட்கிறார். யூமெனிஸின் பங்கு 300 டாலன்ட். மனுஷன் மூக்கால் அழுதுகொண்டே 100 தருகிறார், அதுவும் கஷ்டப்பட்டுத் திரட்டியது என்கிறார். அலெக்சாண்டர் ஒன்றும் பேசவில்லை. ரகசியமாக ஆள் வைத்து அவர் கூடாரத்துக்குத் தீ வைத்துவிட்டார், பணத்தை வெளியே தூக்கிக்கொண்டு ஓடும்போது கையும் களவுமாகப் பிடிக்கலாம் என்று. தீ முந்திக்கொண்டது. உருகிக் கிடந்த தங்கமும் வெள்ளியும் 1000 டாலன்டுக்கு மேல் இருந்ததாம். ஆனால் ராஜ்யத்தின் ஆவணங்களும் கூடவே சாம்பல். அலெக்சாண்டர் பதறிப்போய், இதுவரை வந்த கடிதங்களின் நகல்களை அனுப்புங்கள் என்று எல்லா மாகாண ஆளுநர்களுக்கும் எழுதினார். பேக்கப் இல்லாத சர்வரை டெலீட் செய்துவிட்டு, கிளையண்டுகளிடம் பழைய மெயிலைத் திருப்பி அனுப்பச் சொல்லும் கதைதான்.

சரி, சண்டைக்கு வருவோம். இந்த எழுத்தர் போர்க்களத்தில் எல்லாரையும் ஆச்சரியப்படுத்தினார். கி.மு. 321 வாக்கில் அலெக்சாண்டரின் தளபதிகளிலேயே வீரர்களுக்கு மிகவும் பிடித்த கிரேட்டரஸ் அவருக்கு எதிராக வந்தார். எதிரே நிற்பது கிரேட்டரஸ் என்று தெரிந்தால் தன்னுடைய மாசிடோனிய வீரர்கள் கட்சி மாறிவிடுவார்கள் என்று யூமெனிஸுக்குத் தெரியும். அதனால் சொல்லவே இல்லை! அந்தப் பக்கத்துக்கு மாசிடோனியர் அல்லாத குதிரைப்படையை அனுப்பினார். கிரேட்டரஸ் செத்தார். கிண்டல் அடித்த நியோப்டோலமஸும் அதே நாளில் யூமெனிஸோடு நேருக்கு நேர் மோதிச் செத்தார்.

ஆனால் யூமெனிஸின் தலைவர் பெர்டிக்காஸை அதற்குள் எகிப்தில் சொந்த அதிகாரிகளே கொன்றிருந்தார்கள். கிரேட்டரஸ் செத்த செய்தி அங்கே வந்ததும் ராணுவம் கூடி யூமெனிஸுக்கு மரண தண்டனை விதித்தது. அவரைப் பிடிக்கும் வேலை ஒற்றைக்கண் ஆண்டிகோனஸுக்கு. இத்தனைக்கும் இருவரும் பழைய சிநேகிதர்கள். நோரா என்ற மலைக்கோட்டை முற்றுகை, அங்கிருந்து தப்பியது எல்லாம் தனியாக எழுத வேண்டிய கதை. கி.மு. 318-ல் அரசியல் தலைகீழாகிறது. மாசிடோனியாவில் அதிகாரத்துக்கு வந்த பாலிபெர்கான், ராஜாக்கள் பெயரில் யூமெனிஸை ஆசியாவுக்கே தளபதியாக நியமிக்கிறார். கூடவே வெள்ளிக் கேடயத்தார் என்ற படைப்பிரிவையும் அவருக்குக் கீழே வைக்கிறார்.

இவர்கள்தான் இந்தக் கட்டுரையின் நாயகர்கள். சுமார் 3000 பேர். பிலிப் காலத்திலிருந்து சண்டை போடுகிறவர்கள், தோல்வி என்றால் என்னவென்றே தெரியாதவர்கள். டியோடோரஸ் கணக்குப்படி இருப்பதிலேயே இளையவருக்கு 60 வயது, பெரும்பாலானவர்களுக்கு 70 பக்கம். அவர்களுடைய தளபதிகள் ஆண்டிஜெனிஸும் டியூடாமஸும், கார்டியாக்காரன் ஒருத்தனிடம் உத்தரவு வாங்குவதா என்று முறைத்தார்கள்.

யூமெனிஸ் கண்டுபிடித்த வழி எந்த நாவலாசிரியருக்கும் தோன்றாதது. அலெக்சாண்டர் என் கனவில் வந்தார் என்றார். ஒரு பெரிய கூடாரம் போட்டு, நடுவில் தங்கச் சிம்மாசனம், மேலே கிரீடம், செங்கோல், அலெக்சாண்டரின் ஆயுதங்கள். தினமும் தளபதிகள் எல்லாரும் அங்கே கூடி, சாம்பிராணி போட்டு, காலி நாற்காலியைக் கும்பிட்டுவிட்டு ஆலோசனை செய்தார்கள். உத்தரவு போடுவது யூமெனிஸ் இல்லை, செத்துப்போன ராஜா. இதை ஒரு நாவலில் வைத்தால் ரொம்ப ஓவர் என்போம். வரலாற்றில் இருக்கிறது.

இன்னொரு தந்திரமும் உண்டு. தன்னை மிகவும் வெறுத்தவர்களாகப் பார்த்துக் கடன் வாங்கினார், மொத்தம் 400 டாலன்ட். போட்ட பணம் திரும்பி வர வேண்டுமானால் கடன் கொடுத்தவன் இவரை உயிரோடு காப்பாற்றித்தானே ஆக வேண்டும்? அந்தக் கணக்கு பலித்தது. இவரைத் தீர்த்துக்கட்டச் சதி நடந்தபோது வந்து சொன்னவர்கள் கடன் கொடுத்தவர்கள்தான். அதில் ஒருவர் யூடாமஸ், நம் போரஸை வஞ்சகமாகக் கொன்று 120 யானைகளோடு இந்தியாவிலிருந்து வந்து சேர்ந்தவர். சதியைக் கேட்ட இரவில் யூமெனிஸ் உயில் எழுதி வைத்துவிட்டு, தன்னிடம் இருந்த கடிதங்களை எல்லாம் அழித்தார், எழுதியவர்கள் மாட்டிக்கொள்ளக் கூடாது என்று. முதல் தடவை அவர் காகிதங்களை எரித்தது ராஜா. இந்தத் தடவை அவரே.

கடைசிப் போர் காபியேன் என்ற இடத்தில், கி.மு. 316 வாக்கில் ஒரு குளிர்காலத்தில். இன்றைய ஈரானின் இஸ்ஃபஹான் பக்கம். உப்பு படிந்த, ஈரமே இல்லாத சமவெளி. போர் தொடங்குமுன் கிழவர்கள் ஒரு குதிரைவீரனை எதிரிப் படை முன்னால் அனுப்பி, பிலிப்போடும் அலெக்சாண்டரோடும் உலகத்தை ஜெயித்த உங்கள் அப்பன்மார் மேலேயா கை வைக்கிறீர்கள் என்று கத்த வைத்தார்கள். பிறகு அப்படியே முன்னேறி ஆண்டிகோனஸின் காலாட்படையை நொறுக்கினார்கள். 5000 பேருக்கு மேல் கொன்றதாகவும், தங்கள் பக்கம் ஒருவர்கூடச் சாகவில்லை என்றும் டியோடோரஸ் எழுதுகிறார். ஒருவர்கூட இல்லை என்பதை நான் நம்பவில்லை, ஆனால் ஜெயித்தது நிஜம்.

இத்தனை ஆயிரம் குதிரையும் யானையும் ஓடினால் அந்த மண்ணில் என்ன ஆகும்? புழுதி மூடிவிட்டது, பக்கத்தில் இருப்பவனைத் தெரியவில்லை. ஆண்டிகோனஸ் அந்தப் புழுதிக்குள்ளேயே ஒரு குதிரைப்படையைச் சுற்றி அனுப்பி, பின்னால் இருந்த முகாமைப் பிடித்துவிட்டார். கிழவர்கள் வெற்றியோடு திரும்பிப் பார்த்தால் மனைவி, பிள்ளைகள், சாமான்கள் எல்லாம் எதிரி கையில்.

நாளைக்குத் திரும்ப அடிப்போம், எதிரியிடம் காலாட்படையே இல்லை, எல்லாவற்றையும் மீட்கலாம் என்றார் யூமெனிஸ். மற்ற ஆளுநர்கள் பின்வாங்கலாம் என்றார்கள். கிழவர்கள் இரண்டையும் கேட்கவில்லை. டியூடாமஸ் ரகசியமாக ஆள் அனுப்பினார். ஆண்டிகோனஸ் சொன்ன விலை ஒன்றுதான்: யூமெனிஸ். பாய்ந்து பிடித்து, அவருடைய கச்சையாலேயே கையைக் கட்டி ஒப்படைத்தார்கள். சில நாள் காவலில் வைத்துக் கொன்றார்கள். பழைய சிநேகிதத்துக்காக ஆண்டிகோனஸ் சடலத்தை முறைப்படி எரித்து, எலும்புகளை வெள்ளிக் கலசத்தில் குடும்பத்துக்கு அனுப்பினார்.

முதன்முதலில் இதைப் படித்தபோது எனக்கு 20 வயது இருக்கும். துரோகிகள் என்று பல்லைக் கடித்தேன். எழுதத் தெரிந்தவன் பக்கம்தானே நம் மனசு நிற்கும்? புளுடார்க்கும் அப்படித்தான் எழுதுகிறார், அவர் பின்னால் வந்தவர்களும் அப்படித்தான். இப்போது 40 தாண்டி, வீட்டுக் கடன், ஸ்கூல் ஃபீஸ் எல்லாம் பார்த்த பிறகு, அந்த முகாமில் என்ன இருந்தது என்று யோசிக்கத் தோன்றுகிறது. சாமான் என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். 70 வயதுக் கிழவருக்கு அந்த வண்டிதான் வீடு, அதுதான் பி.எஃப்., கிராஜுவிட்டி எல்லாம். நாற்பது வருஷச் சம்பளமும் கொள்ளைப் பங்கும் அதில்தான் இருந்தது. அலெக்சாண்டரின் படையில் ஆசியப் பெண்களைக் கட்டிக்கொண்ட வீரர்கள் 10,000 பேருக்கு மேல். கி.மு. 324-ல் சூசாவில் அவர்கள் பெயரைப் பதிவு செய்து அலெக்சாண்டரே பரிசு கொடுத்தார். ஆனால் அதே வருஷம் ஓபிஸில், ஓய்வுபெற்று ஊர் போகிறவர்கள் ஆசிய மனைவிகளுக்குப் பிறந்த பிள்ளைகளை இங்கேயே விட்டுவிட்டுப் போங்கள் என்றும் அவர்தான் சொன்னார், ஊரில் இருக்கும் குடும்பத்தோடு தகராறு வரும் என்று. இப்படிப்பட்ட குடும்பங்களுக்கு மாசிடோனியாவில் இடம் இல்லை. முகாம்தான் அவர்களுக்கு ஊர்.

அதே கணக்கை ஆண்டிகோனஸ் போட்டார், யூமெனிஸ் போடவில்லை. என் பார்வையில் அவருடைய தோல்வி அங்கேதான். யார் யாரிடம் எவ்வளவு கடன், யாருக்கு எந்தக் கனவைச் சொன்னால் கேட்பார்கள் என்பதெல்லாம் விரல் நுனியில் வைத்திருந்தவர், தன் படையின் மொத்தச் சொத்தையும் காவல் போதாமல் பின்னால் விட்டுவிட்டு வந்தார்.

இது ஏன் நாவல்களில் வருவதில்லை? இந்தக் காலத்தைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி ஒரே ஆளிடமிருந்து வருகிறது. அவர் ஹிரோனிமஸ், அவரும் கார்டியாக்காரர். யூமெனிஸின் நண்பர், நோரா முற்றுகையின்போது அவருக்காகத் தூது போனவர். காபியேனில் காயத்தோடு பிடிபட்டார். ஆண்டிகோனஸ் மரியாதையாக வைத்துக்கொள்ள, பிறகு அவரிடம், மகனிடம், பேரனிடம் என்று மூன்று தலைமுறைக்கு வேலை பார்த்து, 104 வயது வரை வாழ்ந்ததாகச் சொல்கிறார்கள். அவர் எழுதிய வரலாறு அழிந்துவிட்டது. டியோடோரஸ் பெரும்பாலும் அதைப் பார்த்துத்தான் எழுதினார் என்பது ஆராய்ச்சியாளர்களின் பொதுவான முடிவு. அப்படியானால் யூமெனிஸ் நல்லவர், அவரைக் கொன்ற ஆண்டிகோனஸும் மோசமில்லை, பழி எல்லாம் கிழவர்கள் தலையில் என்று கதை அமைவதில் ஆச்சரியம் என்ன? ஒருவர் ஊர்க்காரர், இன்னொருவர் முதலாளி. கிழவர்கள் தரப்பில் எழுத ஆள் இல்லை.

ஹிரோனிமஸுக்குப் பெண்கள் மேல் அக்கறை இல்லை என்றும் சொல்ல முடியாது. காபியேனுக்கு முந்திய போரில் இந்தியத் தளபதி கீட்டியஸ் இறந்தபோது, அவருடைய இரண்டு மனைவிகளும் உடன்கட்டை ஏறப் போட்டி போட்டதையும், மூத்தவள் கர்ப்பிணி என்பதால் இளையவளை அனுமதித்ததையும், அவள் போட்டிருந்த நகைகள் வரை டியோடோரஸ் விவரமாகச் சொல்கிறார். நேரில் பார்த்தவர் சொன்னது போலவே இருக்கிறது. முகாமில் பிடிபட்ட ஆயிரக்கணக்கான பெண்களுக்கு அதில் கால்வாசிகூட இல்லை. அந்தப் பெண்களில் ஒருத்தி சொல்வது போல ஒரு நாவல் இதுவரை என் கண்ணில் படவில்லை. யாராவது எழுதியிருந்தால் பின்னூட்டத்தில் சொல்லுங்கள், வாங்கிவிடுகிறேன்.

கிழவர்களுக்குக் கிடைத்த கூலியையும் சொல்லிவிடுகிறேன். ஆண்டிஜெனிஸை ஒரு குழிக்குள் போட்டு உயிரோடு எரித்தார் ஆண்டிகோனஸ். மற்றவர்களில் பலரை, யூமெனிஸைப் பிடித்துக் கொடுத்தவர்கள் உட்பட, அரக்கோசியாவுக்கு அனுப்பினார். இன்றைய காந்தஹார் பகுதி. அங்கே ஆளுநர் சிபிர்டியஸுக்கு ஓர் உத்தரவு போனது: இவர்களைச் சிறு சிறு கூட்டமாகப் பிரித்து, உயிரோடு திரும்ப முடியாத வேலைகளுக்கு அனுப்பு, ஒருவன்கூட மாசிடோனியாவுக்குத் திரும்பக் கூடாது, கிரேக்கக் கடலைக் கண்ணால் பார்க்கக் கூடாது.