கதவைத் திறந்துவிட்டவன் வீட்டுக்காரன் இல்லையே!

வீட்டுக்காரர் வெளியூர் போகிறார். வீட்டைப் பார்த்துக்கொள்ள ஒருவரை வைத்துவிட்டுப் போகிறார். அந்த ஆளே கதவைத் திறந்து "உள்ளே வா" என்று இன்னொருவனைக் கூப்பிடுகிறார். வந்தவன் கையில் கிடைத்ததை அள்ளிக்கொண்டு போகிறான். பூட்டும் உடையவில்லை, ஓடும் பிரிக்கவில்லை. திருட்டுதான், சந்தேகமே இல்லை. ஆனால் அது கன்னக்களவு ஆகுமா?

இங்கிலாந்தில் ஒரு காலத்தில் இது உயிர் போகிற கேள்வி. பழைய பொதுச்சட்டப்படி கன்னக்களவு என்றால் நேரம் இரவாக இருக்க வேண்டும், குடியிருக்கும் வீடாக இருக்க வேண்டும், குற்ற எண்ணத்தோடு 'உடைத்து' நுழைந்திருக்க வேண்டும். தண்டனை தூக்கு. (பகலில் புகுந்தால் இந்தப் பெயர் கிடையாது!) சும்மா சாத்திய கதவின் தாழ்ப்பாளைத் தூக்கினாலே உடைத்தல்தான். திறந்து கிடந்த கதவு வழியாகப் போனால் இல்லை.

அப்படியானால் வேலைக்காரன் திறந்துவிட்ட கதவு?

1730-களின் தொடக்கத்தில் கார்ன்வால் என்ற வேலைக்காரனின் வழக்கில் இது வந்தது. ராத்திரியில் தெருக்கதவைத் திறந்து கூட்டாளியை உள்ளே விட்டான். வெள்ளிப் பாத்திரம் இருந்த இடத்தைக் காட்டினான். அவன் எடுத்ததும் வெளியே அனுப்பிவிட்டு, தான் போய்ப் படுத்துக்கொண்டான்! வீட்டுக்குள்ளேயே இருப்பவன் எப்படி உடைத்து நுழைந்தவன் ஆவான்? நீதிபதிகள் கூடிப் பேசி, இருவருமே கன்னக்களவுக் குற்றவாளிகள் என்றார்கள். நம்பி வீட்டில் வைத்திருந்ததால் அவன் குற்றம் குறையவில்லை, கூடத்தான் செய்கிறது என்று 1769-ல் பிளாக்ஸ்டோனும் எழுதினார். நியாயமான பேச்சு.

1968-ல் வந்த திருட்டுச் சட்டம் இரவு, உடைத்தல் இரண்டையும் தூக்கி எறிந்தது. அனுமதியின்றி அத்துமீறி நுழைந்தானா என்பதே கேள்வி. உடனே அடுத்த சிக்கல்... யார் கொடுத்த அனுமதி?

1972-ல் காலின்ஸ் வழக்கு. ஏணி வைத்து ஜன்னலுக்கு ஏறியவனைத் தன் காதலன் என்று தவறாக நினைத்த பெண் உள்ளே அழைத்துவிட்டாள். வீடு அம்மாவுடையது, மகள் அழைப்பு செல்லாது என்று ஒரு வாதம் கிளம்பியது. மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. தான் அத்துமீறுகிறோம் என்று தெரிந்தோ, அதைப் பொருட்படுத்தாமலோ நுழைந்தவன்தான் குற்றவாளி என்றது. ஆக, காவலுக்கு இருப்பவர் கூப்பிட்டு, நல்லெண்ணத்தோடு டீ குடிக்க வந்த நண்பன் தப்பித்தான்.

திருடவே வந்தவன்? 1976-ல் தீர்ப்பான ஒரு வழக்கில், மகன் நண்பனோடு அப்பா வீட்டுக்குள் போய் இரண்டு டிவிக்களைத் தூக்கியிருந்தான். மகன் எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்று அப்பாவே சொன்னார். அப்படியும் தண்டனை நின்றது, கொடுத்த அனுமதியை மீறி நுழைந்தார்கள் என்பதால். பெற்ற மகனுக்கே இந்த கதி என்றால், பத்து நாள் காவலுக்கு இருப்பவரின் "வா" எந்த மூலைக்கு?

இந்தியாவில் 1860 தண்டனைச் சட்டம் வீட்டை உடைத்துப் புகுவதற்கு ஆறு வழிகளைச் சொன்னது. 2024-ல் அமலுக்கு வந்த புதிய சட்டமும் கிட்டத்தட்ட அதையே வைத்திருக்கிறது. வீட்டுக்காரர் தொலைத்த சாவியைக் கண்டெடுத்துத் திறந்தாலும் உடைத்தல்தான். வாசல் காவலாளியை அடிப்பேன் என்று மிரட்டி நுழைந்தாலும் அதேதான். சிரித்த முகத்தோடு வழிவிடும் காவலாளிக்கு மட்டும் 1860-ல் உதாரணம் எழுத மறந்துவிட்டார்கள்.