மூன்று வாரத்தில் மூன்று சண்டை

1943 பிப்ரவரி 5. டெட்ராய்ட் நகரின் ஒலிம்பியா அரங்கம். நாற்பது தொழில்முறைச் சண்டைகளில் ஒன்றில்கூடத் தோற்காமல் வந்திருந்த சுகர் ரே ராபின்சன், எட்டாவது ரவுண்டில் ஜேக் லமோட்டாவிடம் அடிவாங்கிக் கயிற்றுக்கு வெளியே போய் விழுந்தார். பத்து ரவுண்டு முடிந்ததும் நடுவர்கள் லமோட்டாவின் கையைத்தான் உயர்த்தினார்கள். ராபின்சன் வெல்ட்டர்வெயிட் உடம்புக்காரர். லமோட்டா அவரைவிடக் கனத்த மிடில்வெயிட்.

முதல் தோல்வியைச் சந்தித்தவர் என்ன செய்தார்? சரியாக இரண்டு வாரத்தில், பிப்ரவரி 19 அன்று, நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் ஜாக்கி வில்சனோடு மோதி வென்றார். அதிலிருந்து ஏழாம் நாள் திரும்பவும் டெட்ராய்ட், திரும்பவும் லமோட்டா. இந்த முறையும் ஒரு தடவை கீழே விழுந்தார். எழுந்து நின்று, பாயின்ட் கணக்கில் வென்றார். மறுநாள் ராணுவத்தில் சேர்ந்துவிட்டார்.

இன்றைய உலக சாம்பியன்கள் பலருக்கு வருடத்துக்கு ஒரு சண்டை, மிஞ்சினால் இரண்டு. உக்ரைனின் ஒலெக்சாண்டர் உசிக் 2021-இல் ஒன்று, 2022-இல் ஒன்று, 2023-இல் ஒன்று என்றுதான் மேடையேறினார். ராபின்சனோ 1940 முதல் 1965 வரை ஏறக்குறைய இருநூறு முறை மோதியவர். அந்தத் தலைமுறையில் இது வியப்புக்குரிய எண்ணிக்கையும் இல்லை. ஹென்றி ஆம்ஸ்ட்ராங் 1937-இல் மட்டும் 27 சண்டைகள் போட்டு அத்தனையிலும் வென்றார். 26 நாக் அவுட். 1939 அக்டோபரில் டெ மாய்ன், மினியாபொலிஸ், சியாட்டில், லாஸ் ஏஞ்சலஸ், டென்வர் என்று ஊர் ஊராகப் போய், 22 நாளில் ஐந்து முறை தன் உலகப் பட்டத்தைக் காத்துக்கொண்டார். இவர்களுக்கு முந்திய தலைமுறையின் ஹாரி கிரெப் 1919-இல் ஏறிய மேடைகள் 45.

‘அந்தக் காலத்து ஆட்கள் இரும்பு, இந்தக் காலத்து ஆட்கள் பஞ்சு’ என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. எனக்கு அதில் உடன்பாடில்லை.

அவர்கள் அத்தனை முறை மோதியதற்கு முதல் காரணம் வயிறு. பொருளாதாரப் பெருமந்தத்தின் ஆண்டுகளில் ஒரு சாதாரண குத்துச்சண்டை வீரருக்கு ஒரு இரவில் கிடைத்த தொகை மிகச் சிறியது. அதில் மூன்றில் ஒரு பங்கு மேனேஜருக்கு. பயிற்சியாளருக்குத் தனியே கொடுக்க வேண்டும். மீதி கையில் நிற்கும் நாள்கள் கொஞ்சம். அடுத்த சண்டை தள்ளிப்போனால் வாடகையும் தள்ளிப்போகும். மோதுவதற்கு இடமும் இருந்தது: நியூயார்க்கில் மட்டும் செயின்ட் நிக்கலஸ் அரீனா, ரிட்ஜ்வுட் குரோவ், சன்னிசைடு கார்டன் என்று பேட்டைக்குப் பேட்டை அரங்குகள். வாராவாரம் குத்துச்சண்டை, டிக்கெட் வாங்கி வருகிறவர்கள் அக்கம்பக்கத்துத் தொழிலாளர்கள்.

தோல்வி அன்று அவ்வளவு பெரிய நஷ்டமாகவும் இல்லை. கிரெப் காலத்தில் அமெரிக்காவின் பல மாநிலங்களில் நடுவர் தீர்ப்புச் சொல்வதையே சட்டம் தடுத்திருந்தது. யாரும் நாக் அவுட் ஆகாவிட்டால் சண்டைக்கு முடிவே கிடையாது. யார் ஜெயித்தார் என்பதை மறுநாள் செய்தித்தாள்கள் எழுதும். பதிவேட்டில் கறை விழாது என்றால் அடுத்த வாரமே இன்னொருவரோடு மோதத் தயக்கம் எதற்கு?

இன்னொரு காரணத்தை எழுதும்போதுதான் எனக்கு மனம் கனக்கிறது. கறுப்பின வீரர்கள் பலர் ஓயாமல் மோதியதற்குக் காரணம், அவர்கள் போக வேண்டிய இடத்துக்குப் போகக் கதவு திறக்காததுதான். சாம் லாங்ஃபோர்டுக்கு உலக ஹெவிவெயிட் பட்டத்துக்கான வாய்ப்பு மறுக்கப்பட்டது. வெள்ளையர்கள் ஒதுக்கினார்கள், 1908-இல் முதல் கறுப்பின ஹெவிவெயிட் சாம்பியனான ஜாக் ஜான்சனும், பட்டம் வென்ற பின் அவருக்கு வாய்ப்புத் தரவில்லை. ஆகவே லாங்ஃபோர்ட், தன்னைப் போலவே ஒதுக்கப்பட்ட ஹாரி வில்ஸோடு பதினைந்து முறைக்கும் மேல் மோதினார். கண் பார்வை மங்கிய பிறகும் மோதினார். 1944-இல் ஆல் லேனி என்ற பத்திரிகையாளர் ஹார்லெமில் அவரைத் தேடிக் கண்டுபிடித்தபோது லாங்ஃபோர்ட் முழுக் குருடர், கையில் காசில்லாதவர். அதே 1944-இல் ஆர்ச்சி மூரைத் தோற்கடித்த சார்லி பர்லிக்கு உலகப் பட்டச் சண்டை ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. பிற்காலத்தில் பிட்ஸ்பர்க் நகரில் குப்பை அள்ளும் வேலை பார்த்தார். ‘அவர்கள் எத்தனை முறை மோதினார்கள் பாருங்கள்’ என்று பெருமையோடு பட்டியல் போடுகிறவர்கள் இதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

இந்த உலகத்தைக் கலைத்தது தொலைக்காட்சி. 1940-களின் நடுவில் ஜில்லெட் பிளேடு நிறுவனத்தின் விளம்பரத்தோடு வெள்ளிக்கிழமைச் சண்டைகள் ஒளிபரப்பாகத் தொடங்கின. சிறிய திரைக்கு, இரண்டே பேர் சின்ன மேடைக்குள் மோதும் விளையாட்டைப் போல வசதியானது வேறில்லை. அடுத்த பத்தாண்டில் வாரத்தின் பல நாள்களிலும் வீட்டுக்கூடத்தில் குத்துச்சண்டை. நாட்டின் சிறந்த வீரர்களை இலவசமாகப் பார்க்கலாம் என்றான பின், காசு கொடுத்துப் பேட்டை அரங்குக்கு யார் வருவார்கள்? அரங்குகள் ஒவ்வொன்றாக மூடின. செயின்ட் நிக்கலஸ் 1962-இல் கதவைச் சாத்தியது. இளைஞர்கள் தோற்றுத் தோற்றுத் தொழில் கற்ற பள்ளிக்கூடங்கள் அவை. ஆறு ரவுண்டு சண்டையில் ஒரு கிழட்டு அனுபவசாலியிடம் பிடிபட்டு, உதை வாங்கி, அடுத்த மாதம் திருந்தி வருவதற்கு இடமில்லாமல் போனது. தொலைக்காட்சிக்குப் பொறுமையும் இல்லை. இரண்டு முறை தோற்றவரை மூன்றாம் முறை காட்ட விளம்பரதாரர் விரும்புவதில்லை.

பிறகு பணம் வந்தது; ஆனால் உச்சியில் மட்டும் வந்தது. முதலில் திரையரங்குகளில் நேரலை, பின்பு வீட்டிலேயே ஒரு சண்டைக்கென்று தனியாகக் கட்டணம் செலுத்திப் பார்க்கும் பே-பர்-வியூ. 2009-இலிருந்தே பேசப்பட்ட மேவெதர் - பக்கியாவ் மோதல், ரத்தப் பரிசோதனை பற்றிய சச்சரவு, புரொமோட்டர்களின் பகை, தொலைக்காட்சி ஒப்பந்தம் என்று இழுத்துக்கொண்டே போய் 2015 மே 2 அன்றுதான் நடந்தது. அதற்குள் மேவெதருக்கு 38 வயது, பக்கியாவுக்கு 36. ஆனாலும் அமெரிக்காவில் 46 லட்சம் பே-பர்-வியூ விற்பனை, 40 கோடி டாலருக்கு மேல் வசூல். ஒரே இரவில் இவ்வளவு கிடைக்கிறவர் ஏன் மாதாமாதம் மோத வேண்டும்? தோல்வியே இல்லாத பதிவேடுதான் அவருடைய முதலீடு. அதைப் பணயம் வைக்கும் ஒவ்வொரு இரவுக்கும் பேரம் மாதக்கணக்கில் நடக்கிறது. நான்கு பெரிய அமைப்புகள், நான்கு பெல்ட்டுகள், வெவ்வேறு ஒளிபரப்பாளரிடம் கட்டுண்ட வீரர்கள்: இந்தக் கணக்கு வழக்கிலேயே ரசிகனின் காலம் கழிகிறது. இதை என்னால் நியாயப்படுத்த முடியவில்லை. உச்சத்தில் இருக்கும் இரண்டு பேர் உச்சத்தில் இருக்கும்போதே மோத வேண்டும்.

மருத்துவக் காரணம் மட்டும் வேறு வகை. அதை நான் இரு கை கூப்பி வரவேற்கிறேன். ஹாரிசன் மார்ட்லண்ட் என்ற மருத்துவர், ஓய்வுபெற்ற வீரர்களின் தள்ளாட்டமும் குழறலும் மூளையில் விழுந்த அடியின் விளைவு என்று 1928-லேயே எழுதினார். தொழில் காது கொடுக்கவில்லை. 1962-இல் எமில் கிரிஃபித்தின் குத்துகளில் நினைவிழந்த பென்னி பாரெட் பத்து நாளில் இறந்தார். அமெரிக்கா அதை நேரலையில் பார்த்தது. 1982 நவம்பரில் ரே மன்சினியோடு 14-ஆவது ரவுண்டு வரை நின்ற கொரிய வீரர் டுக் கூ கிம் சில நாளில் மறைந்தார். அதன் பிறகே பட்டச் சண்டைகள் 15 ரவுண்டிலிருந்து 12-ஆகக் குறைந்தன. 1996-இல் வந்த அமெரிக்கச் சட்டம், ஒரு மாநிலத்தில் மருத்துவத் தடை பெற்றவர் வேறு மாநிலத்துக்குப் போய் மோதும் குறுக்குவழியை அடைத்தது. ராபின்சன் கயிற்றுக்கு வெளியே விழுந்த அதே மாதத்தில் இன்னும் இரு முறை மேடையேறியதை இன்று எந்த மருத்துவரும் எளிதில் அனுமதிக்க மாட்டார். முதுமையில் அல்சைமர் நோயோடு வாழ்ந்து 1989-இல் ராபின்சன் இறந்தார்.

எடை பார்ப்பதும் மாறிவிட்டது. முன்பு சண்டை நாள் காலையில் எடை. இன்று முந்தின நாளே. அதனால் உடம்பின் நீரை வற்றவைத்து எடையை இறக்கி, ஒரே நாளில் மறுபடி ஏற்றிக்கொள்கிறார்கள். இரண்டு மாதப் பயிற்சி முகாம் இல்லாமல் இதைச் செய்ய முடியாது. அப்படி உடம்பை வதைத்தவர் அடுத்த வாரமே மறுபடி வதைக்கவும் முடியாது.

அப்படியென்றால் இன்றைய வீரர்களுக்கு அனுபவம் குறைவா? வாசில் லொமசென்கோவைப் பாருங்கள். 2014-இல் தன் இரண்டாவது தொழில்முறைச் சண்டையிலேயே உலகப் பட்டத்துக்கு மோதித் தோற்றார். மூன்றாவதில் பட்டம் வென்றார். கத்துக்குட்டி இல்லை. அதற்கு முன் அமெச்சூராக ஏறக்குறைய நானூறு சண்டைகள், இரண்டு ஒலிம்பிக் தங்கம். சோவியத் மரபில் வந்த பயிற்சிக்கூடங்கள், அன்றைய நியூயார்க் பேட்டை அரங்குகள் செய்த வேலையை மூன்றே ரவுண்டு ஆட்டங்களில் செய்து முடித்திருந்தன.

அந்த வசதி இல்லாத நாட்டுப் பையன்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். கற்றுக்கொள்ளச் சிறிய மேடைகள் கிடைப்பதில்லை. கற்ற பிறகு பெரிய மேடைக்காக வருடக்கணக்கில் காத்திருப்பு. அந்தக் காத்திருப்பிலும் ஓய்வு இல்லை. பயிற்சிக்கூடத்தில் ஸ்பாரிங் என்ற பயிற்சி மோதல் நடந்துகொண்டே இருக்கிறது. அங்கே தலையில் விழும் குத்துகள் எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. முகமது அலியின் தொழில்முறைக் கணக்கில் உள்ளவை 61 சண்டைகள்தான். பயிற்சிக்கூடத்தில் தன் ஸ்பாரிங் கூட்டாளிகளைத் தன்னை அடிக்கவிட்டு உடம்பைப் பழக்கிய அந்த மனிதரைப் பற்றி அடுத்த வாரம்.

(தொடரும்)